கொண்டுகூட்டு மனிதர்

மனிதர்களை எத்தனையோ விதமாகப் பகுக்கலாம். இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஓர் இனம். உயர்திணை, பெரும்பாலும் ஆண்பால், எப்போதும் ஒருமை. இவ்வினத்தைச் சேர்ந்த இருவர் ஓரிடத்தில் சேர்ந்து நிற்பதில்லை. நின்றால் பிறர் பார்த்துவிடுவார்கள். இவருக்குக் கொண்டுகூட்டு மனிதர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பெயர்க் காரணம் கூற வேண்டும். சில செய்யுள்களில் சொற்கள் ஒழுங்காக வரிசையில் நில்லா. எழுவாய் முதலடியில் கிடக்கும். அதற்குரிய பயனிலை நான்காம் அடியில் கிடக்கும். இடையில் ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்கள் சந்தைக் கூட்டம்போல நெரியும். படிப்பவர்தாம் அங்கிருந்து ஒன்றும் இங்கிருந்து ஒன்றுமாகக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் காண வேண்டும். இலக்கணத்தில் இதற்குக் கொண்டுகூட்டு என்று பெயர். புலவர்கள் இதைப் பாட்டில் செய்தார்கள். நம்மவர் இதைப் பேருந்து நிலையத்தில் செய்கிறார்.

நீங்கள் பெரம்பலூரில் துறையூர் வண்டிக்காகக் காத்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர் எதிரே வருகிறார், உங்களைக் கண்டும் காணாதவர்போலக் கடந்து போகிறார், கால அட்டவணைப் பலகையருகே நின்று, தாம் ஏறப்போகாத வண்டிகளின் நேரங்களை ஒரு முறை படிக்கிறார், தொண்டையைக் கனைக்கிறார், பின்பக்கமாக வந்து உங்கள் முழங்கையைப் பற்றி வாழைத்தார் தொங்கும் கடைக்குப் பின்னால் அழைத்துச் செல்கிறார், இடப்பக்கம் பார்க்கிறார், வலப்பக்கம் பார்க்கிறார், ஐயத்துடன் வாழைத்தாரையும் பார்க்கிறார், பிறகு உங்கள் காதருகே குனிந்து, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், கத்தரிக்கா வெல எறங்கிடுச்சு" என்கிறார். அதற்குள் துறையூர் வண்டி போய்விடுகிறது.

இவருடைய பேச்சில் பெயர்ச்சொல் இராது. சுட்டுச் சொற்களாலேயே காலம் தள்ளுவார்.

"அவரு அதை அங்கயே முடிச்சுட்டாரு."

"எவருங்க? எதை?"

"அதாங்க. அன்னிக்கு அங்க பாத்தமே, அது."

எழுவாய் வெளிப்படையாக வராத வாக்கியத்தில் அதைத் தோன்றா எழுவாய் என்போம். இவருடைய வாக்கியங்களில் எழுவாய் தோன்றாது, செயப்படுபொருள் தோன்றாது, சில நாள்களில் வாக்கியமே தோன்றாது, புருவம் மட்டும் உயரும்.

இரைச்சல் இவருக்குத் திரைச்சீலை. லாரி கடக்கும்போதுதான் முக்கியமான சொல்லை உச்சரிப்பார். "என்னங்க, கேக்கலையே?" என்று நீங்கள் கேட்டால், அடுத்த லாரி வரும்வரை பொறுத்திருந்து மறுபடியும் சொல்வார். ஆகவே, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூரில் இவர் வாயாடி. லாரி வாராத வாலிகண்டபுரம் கோயில் பிராகாரத்தில் இவர் ஊமை.

இவ்வளவு பாடுபட்டு இவர் மறைக்கும் செய்திதான் என்ன? அதைக் கேட்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பத்துத் தடவைக்கு ஒரு தடவை மட்டும் உண்மையிலேயே ஒரு செய்தி இருந்துவிடும். ஆபத்து அப்போதுதான்.

இவ்வினத்தின் கலப்பற்ற மாதிரி என்று நான் மதிப்பவர் அரியலூர் அமிர்தலிங்கம். இராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வுபெற்று, கடைவீதியில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஊர் அவரை அவுல்தார் என்றது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "எதுக்குங்க நாமளா போயி விலாசத்தக் காட்டிக் குடுக்கணும்?" என்பார். பெட்டி சரியாகிவிடும், அதில் என்ன பழுது இருந்தது என்பதை மட்டும் உரியவரிடமும் சொல்ல மாட்டார்.

பணியின் கடைசி ஆண்டில் அவருக்கு ஒரு புதுவகைக் கருவியைப் பற்றி வகுப்பு எடுத்தார்களாம். இது படு இரகசியம். அரியலூரில் நாற்பது பேருக்கு மேல் தெரியாது. ஒவ்வொருவரிடமும் "உங்ககிட்ட மட்டும்" என்றுதான் சொல்லியிருந்தார். தேநீர்க் கடைக்காரர் கொளஞ்சியிடம் அவர் சொன்னபோது அடுத்த பலகையில் நானும் இருந்தேன்.

"ஏங்க அவுல்தாரே, ரேடியோன்னா நாலு பேரு கேக்கத்தானே?" என்றார் கொளஞ்சி.

"அது பாட்டுக் கேக்கற ரேடியோய்யா. இது சண்டையில பேசறது. ஒரே எடத்துல நின்னு பேசுனா எதிரி முள்ளைத் திருப்பி அங்கயே வச்சுக் கேட்டுருவான். அதனால பேசறவன் ஒரு எடத்துல நிக்கவே மாட்டான். கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள அலைவரிசை மாறிக்கிட்டே இருக்கும். இங்க அரை வார்த்தை, அங்க கால் வார்த்தை."

"அப்ப கேக்கறவனுக்கு எப்படிப் புரியும்?"

"எந்த எடத்துக்கு அப்புறம் எந்த எடம்னு அவன்கிட்டயும் அதே லிஸ்ட்டு இருக்கும். ரெண்டு பேரும் ஒண்ணாவே தாவுவாங்க. எதிரிக்கு இங்க ஒரு கிர்ரு, அங்க ஒரு கிர்ரு. மழை வரப்போவுதுன்னு நெனச்சுக்குவான். இன்னொரு தினுசும் இருக்கு. செய்தியை அகலமாப் பரப்பி மெலிசாக்கி, இரைச்சலுக்கும் கீழ எறக்கிடறது. பேச்சு நடக்குதுன்னே எவனுக்கும் தெரியாது. குறி தெரிஞ்சவனுக்கு மட்டும் திரண்டு வரும்."

ஒரு செம்பு தயிரை ஏரியில் ஊற்றிவிட்டு, தம் வீட்டு மத்துக்கு மட்டும் வெண்ணெய் திரளும் என்கிறார் போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன். கொளஞ்சியின் ஐயம் வேறு.

"லிஸ்ட்டு சரிங்க. ரெண்டு பேரு கடியாரமும் ஒண்ணா ஓடலைன்னா?"

அமிர்தலிங்கம் அவரை இரக்கத்துடன் பார்த்தார். "அதெல்லாம் ஓடும்யா. நீ டீயை ஆத்து."

கருவியைப் படித்தவர் கருவியோடு நின்றிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திராது. அவருக்கு ஜானகி என்று ஒரே மகள். தொலைபேசி நிலையத்தில் வேலை, வயது இருபத்தாறு. அவளுக்கு இரண்டு வரன்கள் வந்து கூடிய நிலையில் மொட்டைக் கடிதங்களால் கலைந்தன. பெண்ணுக்குக் காது மந்தம் என்றது முதற்கடிதம். நாள் முழுவதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரையே இணைத்து வைக்கிறவளுக்கு! இரண்டாவது கடிதம் அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டது: பெண் மற்றவர் பேசுவதையெல்லாம் கேட்கிறாள் என்றது. இரண்டையும் நம்பினார்கள்.

மூன்றாவதாக ஆண்டிமடத்து வரன் வந்தது. முந்திரி வியாபாரி பஞ்சநாதனின் மகன். ஆண்டவர் என்று பெயர். சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. உறவினர் திருமணம் ஒன்றில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். முன்னிரண்டு வரன்களுக்கும் வாயே திறவாத ஜானகி, இம்முறை தன் தாய் ஜெகதாம்பாளிடம், "சரிம்மா" என்றாள். இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். சம்மதம் என்று பஞ்சநாதனுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவே.

அவ்வளவேயா? கொண்டுகூட்டு மனிதரிடம் போய் அவ்வளவே என்று சொல்லலாமா? இம்முறை எந்தப் பங்காளியும் மோப்பம் பிடிக்கக்கூடாது என்று அமிர்தலிங்கம் முடிவு செய்தார். செய்தியை ஏழு சொற்களாக அமைத்தார்: எங்களுக்கு, சம்மதம், ஆவணி, இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, உறுதிபண்ண, வாங்க. ஏழு நாள், ஏழு இடம். ஓரிடத்துக்கு ஒரு சொல். பஞ்சநாதன் அங்கே வந்து நிற்க வேண்டும். இவர் பக்கத்தில் போய், முகத்தைப் பாராமல், அன்றைய சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிடுவார். அரியலூர் ரயில் நிலையத்து எடை பார்க்கும் இயந்திரம், வாலிகண்டபுரம் கோயில் வாசல், பெரம்பலூர் கால அட்டவணைப் பலகை, ரெட்டிபாளையம் நிறுத்தம், உடையார்பாளையம் கடைத்தெரு, ஜெயங்கொண்டம் சந்தை. ஏழாம் நாள், ஆண்டிமடத்தில் பஞ்சநாதன் வீட்டுக்கு எதிரே உள்ள புளியமரம். இந்த வரிசைப்படி, 'ஆவணி' என்னும் ஒரு சொல்லைச் சொல்வதற்காக ஒருவர் அரியலூரிலிருந்தும் மற்றொருவர் ஆண்டிமடத்திலிருந்தும் பெரம்பலூர் வரை போக வேண்டும்.

ஆடி மாதக் கடைசியில், பழுதுபார்க்கக் கொண்டுவந்தவர்போல, பழுதில்லாத வானொலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஞ்சநாதன் கடைக்கு வந்தார். லாரி கடக்கும்போது அமிர்தலிங்கம் பட்டியலை அவர் கையில் திணித்து, "ஆடி முடியட்டும். வர்ற ஒண்ணாந்தேதியிலேருந்து ஏழு நாளு. காலையில பத்தரை" என்றார்.

ஒன்றாம் தேதி. இதைவிடத் தெளிவான சொல் உண்டா?

ஆடியில் நல்ல வார்த்தை பேசாதவர் பஞ்சநாதன். ஆடி முடிந்து வருகிற ஒன்றாம் தேதி என்றால் அவருக்கு ஆவணி முதல் நாள். நாட்காட்டியில் ஆகஸ்டு பதினேழு. இருபது ஆண்டுகள் ஒன்றாம் தேதியில் சம்பளமும் அதன்பின் ஓய்வூதியமும் வாங்கியவர் அமிர்தலிங்கம். ஒன்றாம் தேதி என்றால் அவருக்குச் செப்டம்பர் ஒன்று. செய்தியில் ஆவணி என்று எழுதியவருக்குத் தம் பட்டியலிலும் அந்த மாதம் ஓடக்கூடும் என்று தோன்றவில்லை. எண்பத்தாறாம் ஆண்டு ஆகஸ்டில் ஏழு நாள்கள் பஞ்சநாதன் ஏழு இடங்களில் நின்றார். செப்டம்பரில் அதே ஏழு இடங்களில் அமிர்தலிங்கம் நின்றார். இருவருக்கும் நடுவே பதினைந்து நாள்கள் கிடந்தன.

ஆறு நாள் அலைந்தும் ஆள் வாராததால் அமிர்தலிங்கம் கலங்கினாரா? இல்லை. "பதுங்கி இருக்கறாரு. நல்ல ஆளு" என்று வீட்டில் சொன்னார். ஜெகதாம்பாள் கலங்கினார். ஆவணி கழிந்தால் புரட்டாசி. புரட்டாசியில் ஒன்றும் நடவாது. அதுவரை மாப்பிள்ளை வீடு காத்திருக்காது. ஏழாம் நாள் தாமும் வருவதாகச் சொல்லி ஜெகதாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டார். யாரோ எவரோபோல வர வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் கணவர் இசைந்தார். அவ்வாறே ஜெகதாம்பாள் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார, அமிர்தலிங்கம் நான்கு வரிசை பின்னால், செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்து உட்கார்ந்தார். ஜெயங்கொண்டம் போகும் வேலையாக நானும் அவ்வண்டியில் இருந்தேன். முன்னால் போய் உட்காருமாறு புருவத்தால் சொன்னார். உட்கார்ந்தேன்.

நடத்துநர் தர்மன் சீட்டுக் கிழித்துக்கொண்டே வந்தார்.

"அவுல்தாரய்யா, இன்னிக்கு ஆண்டிமடம் புளியமரமுங்களா?"

செய்தித்தாள் கீழே இறங்கியது.

"இல்லீங்க, ஒரு கணக்குக்குக் கேட்டேன். போன மாசம் ஆண்டிமடத்து முந்திரி வியாவாரி ஒருத்தரு இதே மாதிரி ஏழு நாளு நின்னாருங்க. மொத நாளு ரயிலடி எடை மிஷினு, மறுநாளு வாலிகண்டபுரம், அப்புறம் பெரம்பலூரு. அப்ப நான் அந்தத் தடத்துல இருந்தேன், மூணு எடம் நானே பாத்தேன். மத்தது டெப்போவுல நம்ம ஆளுங்க சொன்னாங்க. இந்த மாசம் நீங்க அதே மாதிரி சுத்தறீங்க. ஒங்க வூட்டுல பொண்ணு இருக்கு, அவரு வூட்டுல பையன் இருக்கான். நல்ல காரியந்தானேன்னு நாங்களா கூட்டிப் பாத்துக்கிட்டோம்."

தம் மகளின் வாழ்வு நழுவுவதைக் காட்டிலும், தம் வரிசையைப் போக்குவரத்து ஊழியர்கள் உடைத்துவிட்டது அவரை அதிகம் தாக்கியதாக முகம் காட்டியது. "எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார், லாரி எதுவும் வாராதபோதே.

"தெரியாத ஆளுதாங்க கம்மி. ஆனா ஒண்ணுங்க, அந்தம்மா, முந்திரிக்காரரு சம்சாரம், நேத்து இந்த பஸ்லதான் வந்தாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க ஏழு நாளு அலைய வுட்டும் மூஞ்சியே காட்டல, வர்ற வெள்ளிக்கிழம விருத்தாசலம் பக்கம் வேற எடம் பாக்கப் போறோம்னு சொன்னாங்க."

முன்னிருக்கையில், யாரோ எவரோ திரும்பினார்.

"ஏங்க, அவருகிட்ட எந்த ஒண்ணாந்தேதின்னு சொன்னீங்க?"

"ஒண்ணாந்தேதின்னா ஒண்ணாந்தேதி."

"ஆடி முடிஞ்சா என்ன ஒண்ணாந்தேதி வரும்? ஆவணி ஒண்ணு வராதா? கட்டுன பொண்டாட்டியக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? ஊருக்கே தெரிஞ்சு போச்சு, எனக்கு மட்டும் பட்டியலக் காட்டல!"

"மெதுவாப் பேசு. நாம தெரிஞ்சவங்க இல்லை."

வண்டி முழுவதும் சிரித்தது. பின்னிருக்கையில் ஒருவர், "அம்மா சொல்றது சரிதானுங்களே" என்று தீர்ப்பும் வழங்கினார். ஜெயங்கொண்டம் வந்தது. இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. என் போன்ற சிலரும் இறங்கவில்லை.

ஆண்டிமடத்தில் வண்டி நின்றபோது மணி பத்து இருபது. எதிரே தம் வீட்டுக் களத்தில் பஞ்சநாதன் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சாலை. இருபது அடி இருக்கும். அமிர்தலிங்கம் என்ன செய்தார்? இறங்கினார், நேரே புளியமரத்தடிக்குப் போனார், சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார். பத்தரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஜெகதாம்பாள் தர்மனைப் பார்த்தார். தர்மன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நிக்கட்டும், நீங்க சொல்லுங்கம்மா" என்றார். ஜெகதாம்பாள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சம்மந்தீ! எங்களுக்குச் சம்மதமுங்க! ஆவணி இருபத்தேழு வெள்ளிக்கிழம உறுதிபண்ண வாங்க!"

ஒரே மூச்சு. ஏழு சொல்லும், உறவுமுறை ஒன்று உபரியாகவும். களத்தில் கொட்டை கிளறியவர்கள் நிமிர்ந்தார்கள். தேநீர்க் கடையில் குவளைகள் நின்றன. வண்டிக்குள் ஒருவர் கைதட்டினார்.

பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தார். "இதை ஆவணி பொறந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா! பொண்ணு குடுக்கறதுக்கு முந்தி மாப்பிள்ளையோட அப்பனை ஏழு ஊரு சுத்த வுடறது அரியலூரு வழக்கம் போலிருக்குன்னு நெனச்சுல்ல சுத்துனேன்! வேணாம்னுதான் மூஞ்சி காட்டலைன்னு எங்க வூட்டுல ஒரே அழுவை. விருத்தாசலத்துக்கு இன்னிக்கே ஆளனுப்பி வேணாம்னு சொல்லிடறேன்."

பிறகு அவர் புளியமரத்தடிக்குப் போய் அமிர்தலிங்கத்தின் பக்கத்தில் நின்றார். அமிர்தலிங்கம் திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை ஆகும்வரை இருவரும் பேசாமல் நின்றார்கள். ஆனதும் அமிர்தலிங்கம் மரத்தைப் பார்த்தபடியே, ஏழாம் நாளுக்கு உரிய சொல்லைச் சொன்னார்.

"வாங்க."

"வந்துட்டேங்க" என்றார் பஞ்சநாதன்.

வெள்ளிக்கிழமை உறுதி நடந்தது. ஐப்பசியில் திருமணம். அழைப்பிதழில் மண்டபத்தின் பெயரை அச்சிட வேண்டா என்று அமிர்தலிங்கம் வாதாடித் தோற்றார். இம்முறை மொட்டைக் கடிதம் எதுவும் வரவில்லை. ஒரு பேருந்தும் ஒரு களமும் ஒரு தேநீர்க் கடையும் அறிந்ததை எழுதி, பெயரை வேறு மறைத்து, எவருக்கு அனுப்புவது?

இனி, உங்களைப் பற்றி. நீங்கள் இவ்வளவு நேரம் அமிர்தலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. அந்த மொட்டைக் கடிதங்களை எழுதியவர் யார் என்பதை நான் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் இக்கட்டுரையில் உள்ள பத்திகளின் முதலெழுத்துகளை மட்டும் வரிசையாகக் கொண்டுவந்து கூட்டினால் அவர் பெயர் திரண்டு வரும்.

பார்த்துவிட்டு வந்துவிட்டீர்களா? அங்கே ஒன்றும் இல்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தீர்கள். போகும்முன் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டீர்களா என்பதை நான் கேட்க மாட்டேன். அது நமக்குள் இருக்கட்டும்.